ராஜபாளையத்தில் ஏறிய மாறிலி

பிரபஞ்சத்தின் அடிப்படைக் கணக்கே மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது, அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான், கண்டுபிடித்த இடம் ராஜபாளையம். இப்படி ஒரு காலத்தில் நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் மயக்கம் இல்லை. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும், பல் விளக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் நம்பினேன். பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க வந்தால் போட்டுக்கொள்வதற்காக வெளிர்நீலத்தில் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், முழங்கால் தேய்ந்து காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட என்னிடம் அனுபவம் கேட்கிறீர்கள். கருவியை எப்படிச் சரிசெய்வது, மட்டம் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத சங்கதி ஒன்றுதான். நாம் முட்டாளாகிக்கொண்டிருக்கும் நேரத்தில், ரொம்பப் புத்திசாலியாகிவிட்ட மாதிரியே இருக்கும். அந்தச் சுகத்தை நான் அனுபவித்தவன். அதனால் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. துறையின் மூலையில் ஒரு மர அலமாரி. ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளில் அழகான ஒன்றை மாதிரிக்காக அதில் எடுத்து வைப்பார்கள். அலமாரியில் கரையான் ஏறிவிட்டது, சுத்தம் செய் என்று துறைத்தலைவர் சொன்னார். சுத்தம் செய்யப் போனவன், கரையானை விட்டுவிட்டு நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

எல்லா நோட்டிலும் ஒரு சோதனை பொதுவாக இருந்தது. ஜன்னல் வழியாகச் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடித் தகட்டின் வழியே விட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியின் தொலைநோக்கியில் பார்த்தால், வானவில் நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். சூரியனில் இருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிட்ட நிறங்களும் அவற்றில் அடக்கம். அந்தக் கோடுகள் விழும் கோணத்தை அளந்து கணக்குப் போட்டால் ஓர் எண் வரும். ரிட்பர்க் மாறிலி என்று பெயர். பின்னால் வரும் பத்தின் அடுக்குகளை மறந்துவிட்டால் புத்தகத்தில் அது 1.097. எந்த ஊரில் அளந்தாலும், எந்த வருடம் அளந்தாலும் அதுதான் வரவேண்டும். அதனால்தான் அதற்கு மாறிலி என்று பெயர்.

பதினைந்து வருட நோட்டுகளில் மிகப் பழையதில் விடை 1.089. அடுத்த வருடம் 1.090. அதற்கடுத்த வருடம் 1.091. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி நோட்டில் 1.103. வரைபடத் தாள் எடுத்துப் புள்ளி வைத்தேன். பதினைந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. அதற்கு முன்பும் பின்பும் நான் வரைந்த எந்த வரைபடத்திலும் புள்ளிகள் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. சந்தேகம் வரவேண்டிய இடம் அது. எனக்குப் புல்லரித்தது.

என் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். இயற்கையின் மாறிலிகள் உண்மையிலேயே மாறாதவையா, கோடிக்கணக்கான வருடங்களில் துளியாவது நகர்ந்திருக்கின்றனவா என்று பெரிய பெரிய ஆட்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மிகமிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி, பூமி உருவாவதற்கு முன்பே கிளம்பிய ஒளி, வழியில் வாயு மேகங்களைக் கடக்கும்போது அதிலும் இதேபோலக் கறுப்புக் கோடுகள் விழும். விண்வெளி விரிவதால் கோடுகள் எல்லாம் சேர்ந்தாற்போல் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அது பெரிய விஷயமில்லை. கோடுகளுக்கு இடையே உள்ள விகிதம் இன்றைக்கு இருப்பதுபோலவே அன்றைக்கும் இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தால் மாறிலி மாறவில்லை. விகிதத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் மாறியிருக்கிறது. மயிரிழைக்காக அவர்கள் மலை உச்சியில் தொலைநோக்கி கட்டித் தவம் கிடக்கிறார்கள். எனக்கோ கரையான் தின்ற அலமாரியில் வருடத்துக்கு வருடம் மாற்றம் கொத்தாகக் கிடைத்துவிட்டது.

மாணவர்கள் காப்பி அடித்திருப்பார்கள் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆனால் நான் மதுரையில் படித்தவன். அங்கே நாங்கள் புத்தக விடையைப் பார்த்து அப்படியே எழுதுவோம். அதனால் மதுரையில் மாறிலி மாறாமல் இருந்தது. ஏமாற்றினால் எண் அசையாது என்பதுதான் நான் கற்ற அறிவியல். இங்கே எண் அசைகிறது. ஆகவே இங்கே நேர்மை இருக்கிறது. தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர், ராஜபாளையத்துக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்போம். சூரிய ஒளியை உள்ளே திருப்புவதற்கு ஜன்னல் விளிம்பில் ஒரு முகச்சவரக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, சூரியன் நகர நகர அதைத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. அவரிடம்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் தெரியுமா? இந்த மாறிலி வருசா வருசம் கூடிக்கிட்டே வருது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கூடத்தான சார் செய்யும்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பதினஞ்சு வருசமாப் பாக்கேன். ஒரு வருசம்கூடக் கொறஞ்சது கெடையாது."

"எம்புட்டுக் கூடுது?"

"ஒண்ணுதான். அதுக்கு மேல கூடுனா நல்லாருக்காது சார்."

வேகமாகக் கூடினால் அணுக்களின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும் என்பதை ஏட்டறிவு இல்லாமலே உணர்ந்துவைத்திருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட உள்ளுணர்வு என்று வியந்தேன். கண்டுபிடிப்பு வெளியானதும் நன்றியுரையில் அவர் பெயரையும் போடவேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

இன்னொரு துப்பும் காதில் விழுந்தபடியே இருந்தது. மாணவர்கள் அந்தச் சோதனையின்போது தங்களுக்குள், "ஒகட்டி போட்டாச்சா?" "ஒகட்டி போட்டுட்டேன்" என்று குசுகுசுப்பார்கள். எனக்கு விளங்கவில்லை. ஏதோ தின்பண்டம் என்று நினைத்தேன். ஒருநாள் ஒருவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏலே, ஒகட்டின்னா என்ன?"

"ஒண்ணு சார்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார்" என்றான்.

அவன் முதலில் சொன்னது முழு உண்மை. நான் இரண்டாவதை நம்பினேன்.

மதுரையில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். குறைவாகப் பேசுவார், அதைவிடக் குறைவாக எழுதுவார். வரைபடத்தைப் பிரதி எடுத்து, நான்கு பக்கக் கடிதத்துடன் அவருக்கு அனுப்பினேன். இன்லண்ட் தாளில் பதில் வந்தது. நான்கே வரி.

"கிடைத்தது. பதினைந்து புள்ளியும் ஒரே கோட்டில். இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. யார் கைவேலை?"

வாழ்க்கையில் யாரையும் பாராட்டாத மனிதர் என்னைப் பாராட்டிவிட்டார் என்று துள்ளினேன். அன்றைக்கே பதில் போட்டேன். "ஐயா, முழுக்க முழுக்க என் கைவேலைதான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை." பங்கில்லை என்பதன் கீழே கோடு வேறு போட்டேன்.

அதன்பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. ஆள் பிரமிப்பில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உட்கார்ந்து, கோட்டைப் பின்னோக்கி இழுத்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 0.001 கூடுகிறது என்றால், ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் மாறிலி பூஜ்யம். அப்படியென்றால் அன்றைக்கு எங்கள் ஊர் நந்தவனத்தில் துளசி பறித்தவர்களின் தலைக்கு மேல் சூரியன் கிடையாது. துளசிக்கு ஊற்றத் தண்ணீரும் கிடையாது, தண்ணீருக்கு ஹைட்ரஜன் வேண்டுமே. இந்த இடத்தில் எந்த மனிதனும் பென்சிலைக் கீழே வைத்திருப்பான். நான், "மாற்றத்தின் வேகம் அண்மைக்காலத்தில்தான் கூடியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஆனாலும் மனசாட்சி கொஞ்சம் அரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேறொரு ஆய்வுக்கூடத்தின் சாவி தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது. கெஞ்சி வாங்கி, மூன்று காலைகள் நானே தனியாக அளந்தேன். முதல் நாள் 1.081. இரண்டாம் நாள் 1.107. மூன்றாம் நாள் 1.092. ராஜபாளையத்தில் கோடு போட்டதுபோல ஏறுகிற எண், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறுக்குப் பிடித்துக் குதிக்கிறது! நான் கை பழகாதவன், என் அளவுகள் சிதறுகின்றன என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மாறிலி காலத்தால் மட்டுமல்ல, இடத்தாலும் மாறுகிறது என்று முடிவுகட்டினேன். மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த நிறுத்தத்தில் பிரபஞ்சம் மாறுகிறது என்று வெளியே பார்த்துக்கொண்டே போனேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே பார்த்தேன்.

இனிமேல்தான் நான் சிரிக்காமல் சொல்ல முயலும் பகுதி.

அந்த வருடம் இறுதியாண்டில் இருபத்தைந்து பேர். என் கோடு சொன்ன ஜோசியப்படி அந்த வருடம் 1.104 வரவேண்டும். ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. இருபத்துநான்கு பேருக்கு 1.104. ஆனந்தத்தில் இருபத்துநான்கிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்தாவது நோட்டு செல்வராணி என்ற பெண்ணுடையது. அதில் 1.079.

வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே பஸ் மாறி ராஜபாளையம் வருகிறவள். பெரும்பாலும் பத்து நிமிடம் தாமதம். அப்பா தேங்காய் வெட்டுக்குப் போகிறவர், அந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு மரம் ஏற முடியாமல் கிடந்தார். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோடையிலேயே பட்டம் கையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது. தேர்வு எழுதாவிட்டால் அடுத்த வருடம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"ஏம்மா, எல்லாருக்கும் 1.104. ஒனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"எனக்கு அதான் சார் வருது."

"சூரியன் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"எனக்கும் அதான் சார் புரியல."

"திரும்பப் பண்ணு."

பண்ணினாள். திரும்பவும் ஒன்றுக்கும் உதவாத எண். "இன்னொரு தரம் பண்ணு" என்றேன். அவள் பஸ்ஸை விட்டுவிட்டுச் சாயங்கால வெயில்வரை நின்று பண்ணினாள். கையெழுத்துப் போடவில்லை. வெளியே சொல்லிக்கொண்ட காரணம், கவனக்குறைவைத் திருத்துகிறேன் என்பது. உள்ளே இருந்த காரணம் வேறு. என் கண்டுபிடிப்புக்கு எதிராக உலகத்தில் நின்ற ஒரே சாட்சி அவள் நோட்டு. அதை இந்த வயதில்தான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்து, நான் வாங்கிவந்த பால்கோவாவைத் தின்றுகொண்டிருந்தார். இருபத்துநான்கு பேர் ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டார்கள். செல்வராணி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றைக்குப் பஸ் தாமதமில்லை. முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தாள்.

"சார், கையெழுத்து."

"சரியா வந்துச்சா?"

"மூணு தரம் பண்ணிட்டேன் சார். 1.076, 1.082, 1.079. சராசரி 1.079தான் வருது."

"எல்லாரும் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்து எழுதவா சார் சொல்லுதீய?" என்றாள். குத்தலாக இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

எனக்குக் குழம்பிவிட்டது. பாத்து எழுதச் சொல்லவில்லை, ஆனால் 1.104 வரவேண்டும் என்கிறேன். அப்படியானால் என்னதான் சொல்கிறேன்? உள்ளே மணி அடித்தது. அண்ணாச்சி என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"சார், போட்டுக் குடுத்துருங்க. அது ஒகட்டி ஏத்தாது. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"அண்ணாச்சி, இந்த ஒகட்டி ஒகட்டிங்கிறீங்களே, அது என்ன?"

"இம்புட்டு நாளா இங்க இருக்கீய, இது தெரியாதா? ஒகட்டின்னா ஒண்ணு. தெலுங்கு. எங்க வீட்டுல பேசுதது."

"ஒண்ணு ஏத்துறதுன்னா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு செட் முழுக்கப் புத்தக விடையை அப்படியே எழுதியிருக்கிறது. வந்த தேர்வாளர் கடுப்பாகி மூன்று பையன்களுக்கு வருடத்தையே காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார். மூன்று பேரும் மறுபடி படிக்க வரவே இல்லை. அதிலிருந்து அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"புத்தக விடையும் இருக்கக் கூடாது, ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. அதனால போன வருச நோட்டுல உள்ள விடையில கடைசில ஒகட்டி ஏத்திக்கிடுங்கன்னு சொல்லிருவேன். முத வருசம் ஒரு பையனுக்கு நெசமா வந்த 1.089ல ஆரம்பிச்சது, நடுவுல ஒரே ஒரு வருசம் புத்தக விடையிலயே வந்து நின்னுச்சு, நல்லவேளை யாரும் கண்டுக்கிடல. கோண ரீடிங்க ஆளுக்கு ஒரு துளி முன்னபின்னப் போட்டுக்கிடுவாக. இதுவரைக்கும் ஒரு பிள்ளை பெயில் கெடையாது சார். இந்தச் செல்வராணி முத நாளு லேட்டா வந்துச்சு. பொறவு கூப்புட்டுச் சொன்னா, 'எனக்கு வராதத எப்பிடி அண்ணாச்சி எழுத?'ன்னு கேக்கு."

வருடத்துக்கு ஒகட்டி. அதற்கு மேல் கூடினால் நல்லாருக்காது.

முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெளிர்நீலச் சட்டை. இரண்டாவதாக, மதுரைப் பேராசிரியரின் நான்கு வரி. யார் கைவேலை என்று அவர் கேட்டது பாராட்டு இல்லை. யார் பண்ணின தில்லுமுல்லு என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். முழுக்க முழுக்க நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை என்று நானே கோடு போட்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன்.

செல்வராணியின் நோட்டை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு தடவை வழுக்கியது. "உள்ள போம்மா" என்றேன். இதோடு என் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் அந்த வருடத்தின் கடைசி முட்டாள்தனம்.

எந்தச் சோதனை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். எவர்சில்வர் டம்ளருக்குள் கைவிட்டுச் செல்வராணி எடுத்த சீட்டில் சூரிய நிறமாலை இருந்தது. அவள் போய் ஜன்னலோரம் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். தேர்வாளர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். ஐந்தாறு நோட்டு புரட்டியதும் வேகம் குறைந்தது.

"என்னய்யா இது? இருவத்துநாலு பேருக்கு 1.104. ஒரு பிள்ளைக்கு மட்டும் 1.079. இவ ஒழுங்காப் பாக்கலியா?"

ஆமாம் சார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இருபத்துநான்கு பேர் பிழைப்பார்கள், அண்ணாச்சியின் வேலை பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். ஜன்னலோரத்தில் கண்ணாடி பிடித்திருந்த அண்ணாச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. இல்லை சார், அவள்தான் ஒழுங்காகப் பார்த்தவள் என்று சொன்னால் மற்ற எல்லாம் சரியும். மூளை இரண்டு பக்கமும் ஓடிப்பார்த்து மூச்சிரைத்து நின்றது. வாய் மட்டும் தன்பாட்டுக்குத் திறந்தது.

"சார், மாறிலி காலப்போக்குல மாறலாம்னு ஒரு கருத்து இருக்கு."

தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்ப மாறுச்சு? இன்னைக்குக் காலையில நான் பால்கோவா தின்னுக்கிட்டு இருந்தேனே, அப்பவா?"

உள்ளே சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. எதைச் சொன்னாலும் அது என் பேச்சு. கருவிக்குத் தனியாக ஒரு பேச்சு உண்டு, அதைக் கேட்கச் சொன்னால் என்ன?

"சார், அந்தப் பொண்ணோட ஸ்பெக்ட்ரோமீட்டர்ல நீங்களே ஒரு தரம் பாத்திருங்க."

அவர் எழுந்து போனார். செல்வராணி விலகி நின்றாள். தேர்வாளர் குனிந்தார். "கண்ணாடியப் பிடிங்கய்யா, வெளிச்சம் ஓடுது" என்றார். அண்ணாச்சி திருப்பினார். நீலப்பச்சையில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பிடித்துக் கோணத்தைப் படித்தார், மறுபக்கம் போய்ப் படித்தார், லாக் டேபிளை வாங்கிக் கணக்குப் போட்டார்.

"1.081" என்றார். பிறகு கண்ணாடித் தகட்டைத் தொட்டுப் பார்த்து, "தகடு லேசாச் சாஞ்சு நிக்கி. இந்தக் கருவி இதத்தான் குடுக்கும். இந்தப் பிள்ளை கண்டத எழுதியிருக்கா" என்றார். மேசைக்குத் திரும்பி வந்து இருபத்துநான்கு நோட்டுகளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அப்ப இது யாரு கைவேலை?"

அதே கேள்வி. இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. ஜன்னலோரத்தில் அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனதைப் பார்த்தேன்.

"என்னோடதுதான் சார்" என்றேன். "இருவத்துநாலுலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

பொய் இல்லை. படிக்காமல் போட்ட கையெழுத்தும் கைவேலைதான்.

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு இருபத்துநான்கு பேருக்கும் ரெக்கார்டுக்கான மதிப்பெண்ணில் இரண்டிரண்டு வெட்டினார். யாரும் தோற்கவில்லை. செல்வராணிக்கு வெட்டவில்லை. என்னை ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். கல்லூரி அதை வைத்து எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட்டை நிறுத்தியது. ராஜபாளையத்தில் அந்த வருடம் ஒகட்டி ஏறாதது என் சம்பளம் மட்டும்தான்.

மதுரைக்கு ஒரு கடிதம் எழுதி நடந்ததைச் சொன்னேன். பேராசிரியர் இந்தத் தடவை ஒரே வரி எழுதினார். "சிதறல் இல்லாத இடத்தில் மனிதன் இருக்கிறான்." இதை ஆய்வுக்கூடச் சுவரில் எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி சுவருக்கு வெள்ளையடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றார், விட்டுவிட்டேன்.

பின்னால் தொண்ணூறுகளில் இந்த மாறிலி விவகாரத்தைக் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன். மீட்டர் போன்ற அலகோடு வரும் ஓர் எண் மாறியதாகத் தெரிந்தால், மாறியது எண்ணா, அளந்த கோலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அலகே இல்லாத விகிதங்களைத்தான் சோதிக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு யுரேனியச் சுரங்கத்தில், ஏறக்குறைய இருநூறு கோடி வருடங்களுக்கு முன்னால் தானாகவே எரிந்து அணைந்த அணு உலை ஒன்றின் மிச்சத்தைக்கூடக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். தொலைதூர ஒளியை அளக்கும்போது, பக்கத்திலேயே தெரிந்த விளக்கு ஒன்றின் கோடுகளையும் பதிவு செய்து தங்கள் கருவியை முதலில் சந்தேகப்படுகிறார்கள். மாறியதா இல்லையா என்று கேட்டால், அளந்த மட்டுக்கும் இல்லை என்பார் ஒருவர், துளி இருக்கலாம் போலிருக்கிறது என்பார் இன்னொருவர். உடனே மற்றவர்கள், உன் கருவியைக் காட்டு என்பார்கள். அவர்களும் குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் குழப்பத்தைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் சூரியனைச் சந்தேகப்பட்டேன், பஸ் நிறுத்தத்தைச் சந்தேகப்பட்டேன், ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அலமாரியைச் சந்தேகப்படவில்லை.

செல்வராணிக்கு அந்தப் பஞ்சாலை வேலை கிடைத்தது. நூலின் பருமனும் பலமும் அளக்கிற வேலை. இரண்டொரு வருடம் கழித்து ராஜபாளையம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். வேலை எப்படி என்று கேட்டேன்.

"இங்கயும் ஒகட்டி ஏத்திப் போடச் சொல்லுதாக சார்" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வருதது இதான்னு சொன்னேன். திரும்பப் பண்ணச் சொன்னாக. பண்ணிட்டு இருக்கேன்." சிரித்துவிட்டு, வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தேர்வு முடிந்த அன்றைக்கே, அந்த வருடத்து மாதிரி நோட்டாக 1.079 என்று இருந்த அவள் நோட்டைத்தான் அலமாரியில் வைத்தேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, இனிமேல் உண்மையான விடையிலிருந்துதான் பிள்ளைகள் ஆரம்பிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கண்கலங்கி, "சத்தியமா சார்" என்றார்.

மறு வருடம் இருபத்தாறு ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. இருபத்தாறிலும் விடை 1.080.